குறிஞ்சிப் பூவின் கணக்கும் உப்பளக் கூலியின் கணக்கும்
ராஜம் கிருஷ்ணனின் இரண்டு நாவல்கள்: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு வாசிப்பு

1

ஒரு எழுத்தாளரின் நாவல்களை வரிசையாக அடுக்கி வைத்து 'இதுல எது உசத்தி?' என்று கேட்பது நம் சிற்றிதழ்ச் சூழலில் கொஞ்சம் மட்டமான கேள்வியாகிவிட்டது. பட்டியல் போடுவது க.நா.சு. காலத்துப் பழக்கம், ரசனை விமர்சனத்தின் மிச்சசொச்சம், பிரதியை வாசிக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்றெல்லாம் எழுதிவிடுகிறோம். எழுதி முடித்துவிட்டு டீக்கடைக்குப் போனதும் அதையேதான் செய்கிறோம். 'ஜே.ஜே.யா, புளியமரமா?', 'மோகமுள்ளா, அம்மா வந்தாளா?' என்று விடிய விடியப் பேசியவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆக, கேள்வியை ஒழித்துக்கட்ட முடியவில்லை. அதைக் கொஞ்சம் நேர்மையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே ஆசிரியரின் இரண்டு நாவல்களில் ஒன்றை எடுத்துக்கொள்கிறபோது நாம் ரசனையை மட்டும் வெளிப்படுத்துவதில்லை. நாவல் என்கிற வடிவம் நமக்கு என்ன செய்துதர வேண்டும், யாருடைய வாழ்க்கைக்கு அதற்குள் இடம் வேண்டும் என்கிற எதிர்பார்ப்பையும் சேர்த்தே வெளியே சொல்கிறோம். எந்த இடத்தில் நின்று வாசிக்கிறோம் என்பதும் அதில் தெரிந்துவிடும். சென்னையில் உட்கார்ந்து தேர்வு செய்கிறவரும் சேர்வராயன் மலையில் நாகலூரிலோ வெள்ளக்கடையிலோ இருந்துகொண்டு தேர்வு செய்கிறவரும் ஒரே புத்தகத்தைத்தான் கையில் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. எடுக்கவும் வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை ராஜம் கிருஷ்ணனின் இரண்டு நாவல்களை எடுத்துக்கொள்கிறது. ஒன்று 1963-இல் வந்த 'குறிஞ்சித் தேன்'. மற்றது 1979-இல் வந்த 'கரிப்பு மணிகள்'. முதலாவது நீலகிரிப் படகர்களைப் பற்றியது. இரண்டாவது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. மலையில் இருக்கிறவன் மலை நாவலைத்தான் தேர்ந்தெடுப்பான் என்பது எல்லோரும் எதிர்பார்க்கிற ஒன்று. ஏற்காட்டு மலையைப் புரிந்துகொள்ள, அதைவிட முக்கியமாக அதை எழுத, நமக்கு உதவப்போவது உப்பள நாவல்தான் என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

2

ராஜம் கிருஷ்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை. 1925-இல் முசிறியில் பிறந்தவர், 2014-இல் காலமானார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை, சிறு வயதிலேயே கல்யாணம். மின்துறைப் பொறியாளரான கணவரின் வேலை காரணமாக ஊர் ஊராகப் போய் வாழ்ந்தவர். போன ஊரிலெல்லாம் வீட்டுக்குள் இருந்துவிடாமல் வெளியே இறங்கி, மக்களோடு பேசி, குறிப்பெடுத்து, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து எழுதியவர். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 2009-இல், தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது.

அவர் நாவல்களை நிலவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். குறிஞ்சிக்கு 'குறிஞ்சித் தேன்'. நெய்தலுக்கு 'அலைவாய்க் கரையில்', 'கரிப்பு மணிகள்'. மருதத்துக்கு 'சேற்றில் மனிதர்கள்'. திணை இலக்கணத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவர் திட்டம் போட்டாரா என்பது நமக்கு முக்கியமில்லை. திணை என்றதும் நம் தமிழாசிரியர்களுக்கும் விமர்சகர்களுக்கும் நிலமும் பொழுதும் ஞாபகம் வரும், புணர்தலும் பிரிதலும் ஞாபகம் வரும். தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் இவற்றோடு தொழிலையும் சேர்த்திருக்கிறார் என்பது மட்டும் வசதியாக மறந்துவிடும். யார் என்ன வேலை செய்து அந்த நிலத்தில் சோறு தின்கிறார்கள் என்கிற கேள்வி நம்முடைய திணை ரசனையில் எப்போதோ உதிர்ந்துபோய்விட்டது. இரண்டு நாவல்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த உதிர்ந்துபோன கேள்வியை வைத்து அளக்கலாம்.

3

'குறிஞ்சித் தேன்' சாதாரண நாவல் அல்ல. சும்மா சொல்லக் கூடாது, 1963-இல் இப்படி ஒரு நாவல் வந்தது தமிழில் பெரிய காரியம். நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தையும் முற்றத்தையும் சுற்றிக்கொண்டிருந்த தொடர்கதைக் காலத்தில், ஒரு பெண் எழுத்தாளர் மரகதமலை ஹட்டிக்குள் நுழைந்து ஜோகி, ரங்கன், பாரு, கிருஷ்ணன் என்று படகர் குடும்பங்களின் தலைமுறைக் கதையைச் சொன்னார். எருமைகள், கோயிலில் அணையாமல் காக்கப்படும் நெருப்பு, அதற்கென்று ஒதுக்கப்படும் பையன், சாமையும் ராகியும் விளைந்த நிலம் என்று ஒரு முழு உலகம் அதில் இருக்கிறது. அப்புறம் உருளைக்கிழங்கு வருகிறது, தேயிலை வருகிறது, பணம் வருகிறது, மின்திட்டம் வருகிறது. உறவுகள் முறுக்கிக்கொள்கின்றன.

நாவலின் பெரிய பலம் அதன் காலக்கணக்கு. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். மனிதர்களின் வயதை அந்தப் பூப்பைக் கொண்டு எண்ணுகிற மக்கள் இவர்கள். ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் நடுவில் ஒரு சிறுவன் ஆளாகிவிடுகிறான், ஒரு நிலம் கைமாறிவிடுகிறது. வருஷம் தேதி போட்டு வரலாறு எழுதுகிறவர்களுக்குக் கிடைக்காத ஒரு அளவுகோல் ராஜம் கிருஷ்ணனுக்குக் கிடைத்திருக்கிறது. அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் தனிச்சொத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில், நம் சேர்வராயன் மலையிலும் அது பதிவாகியிருக்கிறது. ஆகவே இந்த நாவலை ஏற்காட்டுக்காரர் ஒருவர் 'நம்ம கதை' என்று சொந்தம் கொண்டாடுவதற்குத் தாவரவியல் நியாயம்கூட உண்டு. ஏற்காட்டுக்கு 'ஏழைகளின் ஊட்டி' என்று பட்டப்பெயர் வேறு. ஊட்டிக்கு எழுதிய நாவல் ஏழைகளின் ஊட்டிக்கும் ஆகும்தானே?

ஆகாது. ஏன் ஆகாது என்பதுதான் விஷயம்.

4

'குறிஞ்சித் தேன்' இயங்குவது ஒரு 'முன்பு', ஒரு 'பின்பு' என்கிற இரட்டைக் கட்டில். முன்பு மலை முழுமையாக இருந்தது: உழைப்பு, தெய்வம், உறவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி இருந்தன. பின்பு கீழேயிருந்து பணமும் ஆசையும் ஏறிவந்தன. ஜோகி முன்பின் பக்கம் நிற்கிறான். ரங்கன் பின்பின் பக்கம் ஓடுகிறான். பாரு மண்ணைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள். ஆசிரியரின் மனச்சாய்வு காந்தியத்தின் பக்கம் இருப்பதால் இந்தக் கட்டு ஒழுக்கக் கட்டாகவும் ஆகிவிடுகிறது. எளிமை நல்லது, ஆசை கெட்டது. திணைக்கணக்கில் சொன்னால், குறிஞ்சியில் தொடங்கிய நாவல் இரங்கலில் வந்து நிற்கிறது. இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் அல்லவா என்று இலக்கணம் படித்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டைச் சேர்வராயன் மலை மேல் வைத்துப் பாருங்கள், உட்காராது. இங்கே அந்த 'முன்பு' எது? சேலத்துக் கலெக்டராக 1820 முதல் 1829 வரை இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலையில் காப்பி நடப்பட்டது. ஏறக்குறைய இருநூறு வருஷம். நீலகிரியில் தேயிலை பெருந்தோட்டப் பயிராவதற்கு முன்பே இங்கே காப்பிச் செடி வேர்விட்டாகிவிட்டது. இன்று மலையில் இருக்கிற எந்தத் தாத்தாவின் தாத்தாவும் எஸ்டேட் இல்லாத ஏற்காட்டைப் பார்த்திருக்க முடியாது. அதற்கப்புறம் மேட்டூரில் 1960-களில் அலுமினிய ஆலை வந்தது. அதற்குப் பாக்சைட் இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டிக் கொண்டுபோகப்பட்டது. 2008-இல் அந்த உருக்காலை நின்றபோது அது 'மலைக்கு வந்த பணம்' நின்றுபோன கதையாகவும் சிலருக்கு இருந்தது, 'மலையைத் தோண்டியது' நின்றுபோன கதையாகவும் சிலருக்கு இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கலாம். ஒரே வீட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். இரங்கல் நாவலுக்குள் இந்தச் சிக்கலுக்கு இடம் கிடையாது.

அதைவிட முக்கியம், இந்த மலையின் மலையாளிப் பழங்குடிகள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்கிற கதை. ஆதியிலிருந்தே இங்கே முளைத்தவர்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்றுதான் வாய்மொழிக் கதை போகிறது. ஆக, சொந்தப் புராணத்திலேயே அவர்கள் கீழேயிருந்து ஏறி வந்தவர்கள். மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் பெரிய மதில் கட்டி, உள்ளே தூய்மை வெளியே அழுக்கு என்று கோடு போடுகிற கதையாடலை அந்தப் புராணமே ஒத்துக்கொள்வதில்லை.

தூய்மை பற்றிய இந்தப் பேச்சு வெறும் இலக்கியப் பிரச்சினை அல்ல. மலைவாசியை 'அப்பாவி' என்று வைத்துவிட்டால் அவனுக்கு நாவலில் இரண்டே வேஷம்தான் மிச்சம். ஒன்று அப்பாவியாகவே இருப்பது, இன்னொன்று கெட்டுப்போவது. அரசாங்கத்தின் பார்வையிலும் இதே இரட்டை வேஷம்தான் இருக்கிறது. கோடை விழா மேடையில் நடனமாடும்போது அவன் அப்பாவி. காட்டுக்குள் கட்டையோடு நின்றால் திருடன். இதே மலையாளி மக்கள் வாழ்கிற சித்தேரி மலையடிவாரத்தில், தருமபுரி மாவட்ட வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்து என்ன செய்தன என்று நமக்குத் தெரியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-இல் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023-இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்களை 'அப்பாவி மலைமக்கள்' என்று எழுதினால் போதுமா? அவர்கள் முப்பது வருஷம் சாட்சி சொன்னவர்கள், சங்கம் வைத்தவர்கள், அலைந்தவர்கள். 'குறிஞ்சித் தேன்' சட்டகத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

இன்னொன்றும் உண்டு. 'குறிஞ்சித் தேன்' ஒரு சமூகத்தின் உள்ளே நின்று பார்க்கிற நாவல். அந்த உள்ளே என்பது நிலமுடைய படகர் குடும்பம். அதே மலையில் இருக்கிற பிற பழங்குடிகளும் தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்ட கூலிகளும் கதையின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். நிலம் தேயிலையாக மாறுவது நாவலுக்குத் துயரம். அந்தத் தேயிலையை யார் கிள்ளினார்கள், என்ன கூலிக்குக் கிள்ளினார்கள் என்பது நாவலின் கேள்வி இல்லை. 'பண்பாடு' என்று தொடங்கினால் இப்படித்தான் ஆகும். பண்பாடு கண்ணில் படும், கூலி கண்ணில் படாது.

5

'கரிப்பு மணிகள்' வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. தாயை இழந்த பொன்னாச்சியும் அவள் தம்பி பச்சையும் தூத்துக்குடிக்கு வந்து உப்பளத்தில் வேலைக்கு இறங்குகிறார்கள். அவ்வளவுதான். அவர்களுக்குக் கடந்துபோன சொர்க்கம் எதுவும் கிடையாது. விட்டுவந்த கிராமத்திலும் கஷ்டம்தான். இழந்த பொற்காலத்தை நினைத்து ஏங்குவதற்கு நாவல் அவர்களுக்கு நேரம் தருவதில்லை, ஏனென்றால் விடிகிறதற்கு முன்னால் அளத்துக்குப் போக வேண்டும்.

இங்கே காலக்கணக்கு பன்னிரண்டு ஆண்டு அல்ல. ஒரு நாள். வெயில் ஏறுவதற்குள் எத்தனை பாத்தி, எத்தனை கூடை. அப்புறம் ஒரு வாரம்: கூலி நாள். அப்புறம் ஒரு பருவம்: மழை வந்தால் அளம் மூடும், கூலியும் மூடும். குறிஞ்சி பூத்தால் கொண்டாட்டம். உப்பளத்தில் மழை பெய்தால் பட்டினி. மழையை வேண்டாம் என்று நினைக்கிற ஏழைகளை நம் இலக்கியம் அதிகம் பார்த்ததில்லை. அந்தப் பட்டினி மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால உதவி தமிழக அரசிடமிருந்து வந்தது 2020-களில்தான். நாவல் வந்து நாற்பது வருஷம் கழித்து. 'ஆவண நாவல்' என்று உதட்டைப் பிதுக்கினவர்கள் அந்த ஆவணத்தை அரசு எப்போது படித்தது என்று கொஞ்சம் கணக்குப் பார்க்கட்டும்.

வேலையைத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் ராஜம் கிருஷ்ணன். தெப்பத்தில் நீர் நிற்பது, பாத்திக்குப் பாய்வது, உப்பு இறுகுவது, வாருபலகையால் வாருவது, பெண்கள் கூடையில் சுமந்து கொட்டுவது என்று தொழிலின் ஒவ்வொரு படியும் கதைமாந்தரின் உடம்பில் வந்து படிகிறது. உள்ளங்காலில் புண். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைத் தின்கிறது. குடிக்க நல்ல தண்ணி இல்லை. இயற்கை வர்ணனைக்கு இங்கே வழியே கிடையாது. வானமும் கடலும் வெயிலும் எல்லாம் வேலையின் நிலைமைகளாக மாறிவிட்டன. நிலம் என்பதை இப்படி எழுதலாம் என்று தமிழ் நாவலுக்குக் காட்டியது இது. 'குறிஞ்சித் தேன்' படித்து முடித்தால் நீலகிரிக்குப் போய்ப் பார்க்க ஆசை வரும். 'கரிப்பு மணிகள்' படித்து முடித்தால் இலையில் வைக்கிற உப்பைப் பார்க்கிற பார்வை மாறும். இரண்டாவதுதான் நாவல் செய்ய வேண்டிய வேலை என்று எனக்குப் படுகிறது.

அதிகாரம் இந்த நாவலில் எப்படி வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 'குறிஞ்சித் தேன்' நாவலில் கெடுதல் ஒரு மனிதனின் ஆசையாக, குணக்கேடாக வருகிறது. 'கரிப்பு மணிகள்' நாவலில் அது ஏற்பாடாக வருகிறது. முதலாளியைத் தொழிலாளி பார்ப்பதே அபூர்வம். நடுவில் கண்ட்ராக்டர், கணக்குப்பிள்ளை என்று ஒரு அடுக்கு. பெயர் யார் புத்தகத்தில் இருக்கிறது, யாருக்கு நிரந்தரம், யாருக்கு அத்துக்கூலி என்கிற ஏற்பாட்டிலேயே சுரண்டல் ஓடுகிறது. பெண்ணின் உடம்பு மீதான வன்முறையும் அந்த ஏற்பாட்டின் பகுதி. அது வில்லனின் காமம் என்று ஒதுக்கப்படவில்லை. வேலை கொடுக்கிற கை வேறு, தொடுகிற கை வேறு இல்லை என்பது பொன்னாச்சிக்கும் மருதாம்பாவுக்கும் செங்கமலத்தாச்சிக்கும் வெவ்வேறு வயதில் தெரியவருகிறது. மூன்று பெண்களின் மூன்று கடந்தகாலங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் கற்பு என்கிற சொல்லையே நாவல் காலாவதி ஆக்குகிறது. 'பெண்ணியப் பிரதி' என்று பெயர்ப்பலகை மாட்டாமலே இதைச் செய்திருக்கிறார்.

6

இதற்கு எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

முதலாவது, இது கலையா தகவலா என்கிற பழைய கேள்வி. களஆய்வு செய்து எழுதினார், ஆகவே தகவல் துருத்திக்கொண்டு நிற்கிறது என்பார்கள். துருத்தும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு விஷயம். அக்கிரகாரத்துச் சமையலறையை, சங்கீத சபையை அங்குலம் அங்குலமாக வர்ணித்தால் அது 'நுட்பம்'. உப்பளத்துப் பாத்தியை வர்ணித்தால் அது 'தகவல்'. வாசகனுக்கு ஏற்கெனவே பழகிய வேலை என்றால் கலை, பழகாத வேலை என்றால் ஆவணம். இந்த அளவுகோலுக்கு ஒரு சாதி உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, நாவலின் பிற்பகுதி. ராமசாமி போன்ற ஒரு தொழிலாளி வந்து விழிப்பூட்டுகிறான், சங்கம் என்கிற திசையை நோக்கிக் கதை நகர்கிறது. அவன் வாயில் சில இடங்களில் மேடைப்பேச்சு ஏறிவிடுகிறது. பொன்னாச்சிக்கு இருக்கிற ரத்தமும் சதையும் அவனுக்கு இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. வடிவ ஒழுங்கு என்று பார்த்தால் 'குறிஞ்சித் தேன்' கட்டுக்கோப்பானது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டுக்கோப்பு எங்கிருந்து வருகிறது? முடிந்துபோன ஒன்றைப் பற்றிய கதைக்குக் கட்டுக்கோப்பு எளிதாக வாய்க்கும். முடியாத ஒன்றைப் பற்றிய கதை இழுபடத்தான் செய்யும். 'கரிப்பு மணிகள்' இழுபடுகிற இடங்கள் எல்லாம் தீராத பிரச்சினையின் இடங்கள். பொன்னாச்சியின் மாமன் கூட்டுறவு அளத்தை வைத்துக்கொண்டு படுகிற பாட்டைப் பாருங்கள். முதலாளி இல்லாவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற சுலப விடையை அந்தப் பகுதி தடுத்து நிறுத்துகிறது. குத்தகை, கடன், சந்தை என்று வேறு மூன்று முதலாளிகள் வந்து நிற்கிறார்கள். பிரச்சார நாவல் என்றால் இதை எழுதியிருக்கவே மாட்டார்கள்.

மூன்றாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. எழுதினவர் வெளியாள். நடுத்தர வர்க்கத்துப் பிராமணப் பெண். அவர் உப்பளத்தையோ மலையையோ எழுதுவதற்கு என்ன உரிமை? தலித் இலக்கியம் வந்த பிறகு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. என் விடை இதுதான்: இந்த இரண்டு நாவல்களிலும் வெளியாள் ஒரே ஆள்தான். ஆனால் அவர் நிற்கிற இடம் ஒன்றல்ல. முதல் நாவலில் அவர் வியந்து பார்க்கிறார். வியப்பு என்பது தூரத்தின் வேலை. இரண்டாவதில் வியக்க எதுவும் இல்லாததால் கேட்டு எழுதுகிறார். கூலி எவ்வளவு, தண்ணி எங்கே, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. பதினாறு வருஷத்தில் ஒரு எழுத்தாளர் வியப்பிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறார். உள்ளிருந்து எழுதுகிறவர் வரும்வரை வெளியாள் செய்யக்கூடிய யோக்கியமான காரியம் இந்த நகர்வுதான்.

நான்காவதாக, சேர்வராயன் மலைக்குப் பக்கத்திலேயே, பழைய சேலம் மாவட்டத்துக் கொல்லிமலை மலையாளி மக்களைப் பற்றி கு. சின்னப்ப பாரதி 1985-இல் 'சங்கம்' எழுதியிருக்கிறாரே, அதை விட்டுவிட்டு உப்பளத்துக்கு ஏன் போக வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 'சங்கம்' முக்கியமான நாவல், அதைத் தனியாகவே விவாதிக்க வேண்டும். இங்கே எடுத்துக்கொண்ட பிரச்சினை வேறு: ஒரே கை எழுதிய இரண்டு நாவல்கள் நிலத்தை எப்படி இரண்டு விதமாகப் பார்க்கின்றன என்பது. ஆசிரியர் மாறாமல் பார்வை மட்டும் மாறும்போதுதான், மாறியது எது என்று துல்லியமாகத் தெரியும். தவிர, மலையைப் பற்றிய நாவல் என்றால் மலையைப் பற்றிய நாவலோடுதான் ஒப்பிட வேண்டும் என்கிற வேலியையும் கொஞ்சம் பிடுங்கிப் பார்ப்பது நல்லது.

7

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். ஏரியும் காடும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆன இடம். வளைந்து வளைந்து ஏறுகிற சாலை, படகு, கோடை விழா, மலர்க் கண்காட்சி, பகோடா பாயிண்ட், எஸ்டேட் பங்களா, கான்வென்ட், விடுதிப் பள்ளிகள். சினிமாவுக்கும் பயணக்கட்டுரைக்கும் இது போதும். 'குறிஞ்சித் தேன்' பார்வையில் பார்த்தால் இதோடு கூட சேர்வராயன் கோயில் திருவிழாவும், மலையாளி மக்களின் நாட்டுப் பிரிவுகளும், திணையும் சாமையும் கிடைக்கும். இது முன்னதைவிட மேல். ஆனாலும் பாதிதான்.

'கரிப்பு மணிகள்' பார்வையை இங்கே கொண்டுவந்தால் என்ன தெரியும்? சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி நிற்பது அழகு என்பது போய், அந்த நிழலை யார் கவாத்துப் பண்ணுகிறார்கள் என்று தெரியும். பூ மழை சரியான நேரத்தில் பெய்யாவிட்டால் தோட்டத்துக்காரருக்கு ஒரு நஷ்டம், பழம் பறிக்க வருகிற பெண்ணுக்கு வேறொரு நஷ்டம் என்று தெரியும். பறிப்பு மாதங்களில் கிலோக்கணக்கில் கூலி, மற்ற மாதங்களில் என்ன என்று கேட்கத் தோன்றும். தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது எந்தத் தோட்டத்தில் நடந்தது, சிறிய தோட்டம் என்கிற பெயரில் எங்கே நழுவியது என்று விசாரிக்கத் தோன்றும். உப்பளத்துக் கண்ட்ராக்டரும் எஸ்டேட் மேஸ்திரியும் ஒரே கணக்குநோட்டின் இரண்டு பக்கம் என்று தெரியும். மலையாளிக் குடும்பம் ஒன்று சொந்தப் புன்செயில் விவசாயியாகவும், எஸ்டேட்டில் கூலியாகவும், ஒரு காலத்தில் பாக்சைட் குழியில் தொழிலாளியாகவும், விடுதியில் துணி துவைப்பவராகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்பது புலப்படும். 'பழங்குடி' என்கிற ஒற்றைச் சொல்லால் மூடிவைத்த பானைக்குள் இத்தனை வேலைகள் கொதிக்கின்றன.

ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படி இருப்பது இரண்டே தொகுதிகள், இன்னொன்று சேந்தமங்கலம். சட்டமன்றத்தில் கிடைத்த இடம் நாவலில் கிடைக்கவில்லை. எழுதுகிறவர்கள் மலைக்கு வராமல் இல்லை, வருகிறார்கள். வந்து, 'குறிஞ்சித் தேன்' மனநிலையில் இறங்கிப் போகிறார்கள். பூவைத் தேடுகிறார்கள், மறைந்துபோன சடங்கைத் தேடுகிறார்கள், அது கிடைக்காவிட்டால் மலை கெட்டுப்போய்விட்டது என்று எழுதுகிறார்கள். மலை கெட்டுப்போகவில்லை ஐயா. மலை வேலைக்குப் போயிருக்கிறது. சாயங்காலம்தான் வரும்.

ஆகவே, ராஜம் கிருஷ்ணனில் எது என்று கேட்டால், தயக்கமில்லாமல் 'கரிப்பு மணிகள்' என்பேன். 'குறிஞ்சித் தேன்' அவருடைய அழகான நாவலாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் படிக்கிற யாரும் நஷ்டப்படமாட்டார்கள். ஆனால் சேர்வராயன் மலையில் பிறந்து, பள்ளிக்கூடம் போய், எழுத வேண்டும் என்று நினைக்கிற ஒரு பெண்ணோ பையனோ வழி கேட்டால், நீலகிரிக்குப் போகிற பாதையைக் காட்டாதீர்கள். தூத்துக்குடிக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். இரண்டு நூல்களும் நாட்டுடைமை ஆனவை, எளிதாகக் கிடைக்கும். உப்பளத்தில் பொன்னாச்சி காலில் என்ன பட்டது என்று முதலில் படிக்கட்டும். அப்புறம் தன் அம்மாவின் விரலில் காப்பிப் பழத்தின் கறை எத்தனை நாள் நிற்கிறது, அதற்கு என்ன கூலி என்று எழுதத் தொடங்கட்டும். அந்த நாவல் வரும்போது நாம் இந்த இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேறு பட்டியல் போடலாம்.